நிலவியல் கேள்வி – பதில்: சுண்ணாம்புப் பாறை மேட்டில் களப்பணி

கேள்வி: ஒரே சுண்ணாம்புப் பாறையை இரண்டு குழுக்கள் அளந்தோம். ஒரு குழுவுக்கு டிப் (பாறை அடுக்கு கிடைமட்டத்திலிருந்து சாயும் கோணம்) 8 பாகை, இன்னொன்றுக்கு 80. சாய்வையும் திசையையும் அளக்கும் க்ளைனோமீட்டர் பழுதா?
– இரண்டாம் ஆண்டு மாணவி

பதில்: கருவி மேல் பழி போடாதீர்கள். 80 பாகை எடுத்த குழு படுகைத் தளத்தை (வண்டல் படிந்த அடுக்கின் பரப்பு) விட்டுவிட்டு விரிசல் முகத்தை அளந்திருக்கும். மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர், செங்குத்து விரிசல்களை அரித்து அகலமாக்குகிறது. அதனால் முதலில் கண்ணில் படுவது அவைதான். படுகைக் கோடுகள் மங்கிக் கிடக்கும்.

சிப்பித் துண்டுகளோ கடல் அல்லி என்ற கடல்விலங்கின் தண்டிலிருந்து வந்த வட்டச் சில்லுகளோ வரிசையாகக் கிடக்கும் அடுக்கைத் தேடுங்கள். அதுதான் படுகை. 10 மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பாறைக்கு இரண்டரை சென்டிமீட்டர் வரை குனியுங்கள். சில ஓடுகளுக்குள் ஒரு பாதி சாம்பல் நிறச் சேறாகவும் மறுபாதி வெள்ளைக் கால்சைட்டாகவும் (சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமம்) இருக்கும். சேறு உள்ளே படிந்தபோது அதன் மேற்பரப்பு கிடைமட்டம். ஆக, இரண்டும் சந்திக்கும் கோடு அன்றைய ரசமட்டம். வெள்ளை இருக்கும் பக்கம் மேல்பக்கம். இப்படி ஓர் ஓடு கிடைத்தால் அங்கேயே அரை மணி நேரம் செலவிடலாம், தகும்.

மழை அரித்த தளம் மேடுபள்ளமாக இருக்கும். கெட்டி அட்டை நோட்டை வைத்து, அதன்மேல் கருவியை வையுங்கள். ஐந்து இடங்களில் அளந்து, சாயும் திசையையும் எழுதுங்கள். சுத்தியலும் செல்போனும் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். காந்த ஊசி திரும்பிவிடும். காலால் அழுத்தினால் ஆடும் கல்லை அளக்கவே வேண்டாம்.

கேள்வி: சுண்ணாம்புக்கல்லை அடையாளம் காண அமிலம் விட்டோம். மணற்கல்லும் பொங்கியதே?

பதில்: மணலை ஒட்டவைத்திருப்பது கால்சைட்டாக இருந்தால் பொங்கத்தான் செய்யும். பொங்கி முடிந்ததும் லென்ஸில் பாருங்கள்: கரையாத மணிகள் துருத்தி நிற்கும். அவை கத்தியின் எஃகையே கீறும். கால்சைட்டைக் கத்தி கீறிவிடும். சுண்ணாம்புக்கல் போலவே தோன்றும், மக்னீசியம் கலந்த டோலமைட் முழுக் கல்லாக இருக்கும்போது ஏறக்குறைய சும்மா இருக்கும். கத்தியால் சுரண்டிய பொடியில் விட்டால் மெல்லக் குமிழிடும். எப்போதும் புதிதாக உடைந்த முகத்தில், ஒரே ஒரு சொட்டு. ஆய்வகத்தில் கலந்து தந்த 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு சொட்டு விடுங்கள், பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

கேள்வி: சுண்ணாம்புக் கல்தளத்து வெடிப்புகளின் திசையை எப்படிக் கணக்கெடுப்பது?

பதில்: ஒரே நேர்க்கோட்டில் நாடா விரித்தால் அதற்கு இணையாக ஓடும் வெடிப்புகள் கணக்கில் சிக்காது. அதனால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு நாடா, தலா 20 மீட்டர். நாடாவை வெட்டும் ஒவ்வொரு வெடிப்புக்கும் திசை, அகலம், ஆழம் எழுதுங்கள். திசைகளை 10 பாகைக்கு ஒரு பிரிவாக ரோஸ் வரைபடத்தில் (எந்தத் திசையில் எத்தனை என்று காட்டும் வட்ட வரைபடம்) போட்டால் விரிசல் தொகுதிகள் இதழ்களாகத் தெரியும். அடியில் மண் நிரம்பியிருந்தால் அளந்த ஆழம் குறைந்தபட்ச அளவே, அப்படியே குறித்துவையுங்கள்.

கேள்வி: கல்தளத்தில் சுத்தியல் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. இங்கிலாந்தில் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இத்தகைய தளங்களுக்குப் பாதுகாப்பு ஆணைகளே உண்டு. உதிர்ந்து கிடக்கும் துண்டு போதும். ஈரமான சுண்ணாம்புக்கல் வழுக்கும், பாசி மூடிய வெடிப்பில் கணுக்கால் சிக்கும்; மழை பிடித்தால் தளத்தைவிட்டு இறங்கிவிடுங்கள்.