ஐம்பொன் சிலைக்கு ஆர்டர் எடுக்கும்போது, பின்னால் பெயர் கெடாமல் இருக்க உபயதாரரிடம் எதையெல்லாம் முன்பே பேசிக்கொள்ள வேண்டும்?

முதலில் உயரம். "மூன்றடி அம்மன்" என்று சொல்லி அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். பீடம் சேர்த்து மூன்றடியா, பாதத்திலிருந்தா, திருவாசியும் அதில் அடக்கமா? உற்சவர் என்றால் பீடத்தில் எத்தனை வளையம், எங்கே துளை என்பதையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் மெழுகில் சிலை செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய இடத்தில்தான் உலோகம் ஊற்றுகிறோம். ஆகவே கிலோ கணக்கில் விலை பேசினால் மெழுகுச் சிலையை அவர் எதிரிலேயே தராசில் வையுங்கள். ஒரு கிலோ மெழுகுக்குச் சுமார் 9 கிலோ உலோகம் பிடிக்கும். 4 கிலோ மெழுகு என்றால் 36 கிலோ. ராவி, உளி போட்டு முடிக்கையில் கொஞ்சம் குறையும். கனமா (உள்ளே முழுக்க உலோகம்), உள்கூடா (உள்ளே வெற்றிடம்) என்பதும் ரசீதில் இருக்கட்டும்.

முகத் தகராறு மெழுகிலேயே தீர வேண்டும். மெழுகில் மூக்கையும் உதட்டையும் சூட்டுக்கோலால் திருத்தலாம். வார்த்த பிறகு உளியால் எடுக்கத்தான் முடியும், சேர்க்க முடியாது. "முகம் இன்னும் கொஞ்சம் பெரிசா" என்று கேட்டால் வாதாடாமல் ஒடியோலையை (மடித்து அளவு எடுக்கும் தென்னோலை நறுக்கை) மடித்துக் காட்டுங்கள்: சிற்ப சாஸ்திர அளவுப்படி அம்மனுக்கு மத்திம தசதாலம், மொத்த உயரம் 120 பங்கு, முகத்தைக் கூட்டினால் மற்றதெல்லாம் கெடும். ஒப்புக்கொண்டதும் நாலு பக்கமும் போட்டோ, அதன் பின்புறம் கையெழுத்து.

பெரிய தலைவலி தங்கம். வார்ப்பன்று குடும்பமே வந்து தோடும் மோதிரமும் மூசையில் (உலோகம் உருக்கும் பாத்திரத்தில்) போடும். 36 கிலோவில் ஒரு பவுன் என்பது 0.022 சதவீதம், நிறத்தில் ஒன்றும் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலின் புதுச் சிலை விஷயத்தில் தங்கம் சேர்ந்ததா என்ற கேள்வியே வழக்காகிப் போனது. நகையை எடை போட்டுச் சீட்டு எழுதி, அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள். ஊற்றுவாயில் உறைந்த துண்டை இரண்டாக வெட்டி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்-ரே கருவி சிலையின் மேல்தோலைத்தான் படிக்கும்; சந்தேகம் வந்தால் இந்தத் துண்டுதான் சாட்சி.

கும்பாபிஷேகத் தேதியை மட்டும் பார்த்து நாள் கொடுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கரு (மெழுகின்மேல் பூசிய மண் அச்சு) சரியாகக் காயாது. ஈரம் தங்கினால் ஊற்றும்போது ஆவி கிளம்பி உலோகம் தெறிக்கும், வார்ப்பில் துளை விழும். மெழுகு உருகி ஓடிவிட்டதால் மறுபடி முதலிலிருந்துதான். ஆகவே ஒரு மறுவார்ப்புக்கான அவகாசம் சேர்த்தே சொல்லுங்கள். அதன் செலவு உங்களுடையது என்பதையும் எழுதிவிடுங்கள். விரல் நிரம்பாமல் போனதை ரகசியமாக ஒட்டிக் கொடுப்பவர்கள் உண்டு. நாலு அபிஷேகத்தில் ஒட்டுக்கோடு தனியாகக் கறுத்துவிடும், ஊரே பேசும்.

வெளிநாட்டு ஆர்டரில் "பழசு மாதிரி கறுப்பு ஏற்றுங்க" என்றால் யோசியுங்கள். 1972 சட்டப்படி நூறு வருஷம் கடந்த சிலை தொல்பொருள், ஏற்றுமதி செய்யக் கூடாது. புதுச் சிலைதான் என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கும்போது, மெழுகு, கரு, வார்ப்பு என வரிசையாக எடுத்த போட்டோ கைகொடுக்கும்.

கண் திறப்புக்கு (சிலையின் கண்ணைச் செதுக்கித் திறக்கும் சடங்கு) பிறகு சிலையில் உளி படக் கூடாது என்பது வழக்கம். அதனால் கடைசிச் சரிபார்ப்பும் மீதிப் பணமும் அதற்கு முந்தின நாளே முடிந்துவிட வேண்டும்.