சீனாவில் வியாபார விருந்துக்குக் கூப்பிட்டால் வைப்பதையெல்லாம் சாப்பிடத்தான் வேண்டுமா?

கேட்டவர் துணி கொள்முதலுக்காக முதல் முறை சீனா போகிறார். அசைவம் சாப்பிடுவாராம், குடிக்க மாட்டாராம். தட்டில் என்ன வருமோ, மறுத்தால் ஆர்டர் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறார்.

கெடாது. ஆனால் எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பதை மேசையில் உட்கார்ந்த பிறகு சொல்லாதீர்கள், முந்தைய நாளே வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியில் எழுதிவிடுங்கள். அங்கே விருந்து கொடுப்பவர்தான் மொத்த மேசைக்கும் சேர்த்து ஆர்டர் செய்வார். முன்கூட்டித் தெரிந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்வார். வந்து இறங்கிய தட்டைப் பார்த்து முகம் சுளித்தால்தான் அவருக்குச் சங்கடம். மாடு வேண்டாம், பன்றி வேண்டாம் என்றால் மதம், வழக்கம் என்று ஒரு வரி போதும், யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். சுத்த சைவக்காரர்கள் இன்னும் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கீரை வதக்கலில்கூடப் பன்றிக் கொழுப்போ சிப்பிச் சாஸோ இருக்கலாம்.

நான் திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் கொள்முதல் பார்க்கிறேன். பாலியெஸ்டர் துணிக்காக ஷாவோஷிங் நகரத்துக் கச்சியாவ் சந்தைக்குப் போய்வருவது வழக்கம். ஹாங்சோவுக்குப் பக்கம், ஜெஜியாங் மாகாணம். அதனால் நான் சொல்வது அந்த வட்டாரத்துச் சாப்பாடு. தேள், பூரான் குச்சியில் குத்தி விற்பதெல்லாம் சுற்றுலாத் தெருக்களில் வேடிக்கைக்கு. வியாபாரி எவரும் உங்களை அங்கே கூட்டிப்போக மாட்டார்.

மேசைக்கு உண்மையில் வருபவை கோழிக்கால், வாத்து நாக்கு, வாத்து ரத்தம், பன்றிக் குடல், தவளை, ஜெல்லிமீன். குடல் குழம்பும் ரத்தப் பொரியலும் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு இதில் பாதி புதிதே இல்லை. நாறும் டோஃபுவை, அதாவது நொதிக்க வைத்த சோயாக் கட்டியைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். பொரித்துச் சூடாக வந்தால் வாடை மூக்கோடு நின்றுவிடும், உள்ளே மெத்தென்று நன்றாகவே இருக்கும். எனக்கு நிஜமாகவே சவாலாக இருந்தது தண்டுக்கீரை! முற்றிய தண்டைத் துண்டு போட்டு ஊறலில் நொதிக்க விட்டு, டோஃபுவோடு ஆவியில் வேகவைப்பார்கள். ஷாவோஷிங்காரர்களுக்கு உயிர். அறைக் கதவைத் திறக்கும்போதே வாடை வரவேற்கும். முருங்கைக்காய் போல நடுவில் உள்ள சதையை உறிஞ்சிவிட்டு நாரைத் துப்ப வேண்டும். உப்பும் புளித்த காட்டமுமாக இருக்கும். இப்போது நானே கேட்டு வாங்குகிறேன். வெளியூர்ச் சீனர்களே தொடத் தயங்குவதை நீங்கள் எடுத்து உறிஞ்சினால், அந்த ஊர் முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நான் தொடாதது ஒன்று உண்டு: மதுவில் ஊறப்போட்ட பச்சை நண்டும் இறாலும். நன்னீர் நண்டு, இறாலில் ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும், மதுவில் ஊறியதால் அது செத்துவிடாது. வயிறு ஒத்துக்காது என்று சொல்லி வேறு பக்கம் நகர்த்திவிடுவேன். துணிச்சலுக்கும் ஒரு எல்லை வேண்டும்.

குடி விஷயத்தில் ஒரே விதிதான். குடிக்க மாட்டேன் என்றால் முதல் கோப்பையிலிருந்தே வேண்டாம். ‘உங்களுக்காக ஒன்று’ என்று ஆரம்பித்தால் மேசையில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுந்து வருவார்கள், ஒருவருக்குக் குடித்து இன்னொருவருக்கு மறுக்க முடியாது. ஷாவோஷிங்கின் அரிசி மது 15 சதவீதம் போல, சூடாக்கித் தருவார்கள், மென்மையாக இறங்கும். பைஜியு என்ற சீனச் சாராயம் அப்படி இல்லை, 50 சதவீதத்தைத் தாண்டுவதும் சாதாரணம். டீயை உயர்த்திக் காட்டுவது அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம்தான். நீங்களே எழுந்து போய் முதலாளி முன் டீக் கோப்பையை நீட்டுங்கள். மோதும்போது உங்கள் கோப்பையின் விளிம்பு அவருடையதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கட்டும். அந்த மரியாதையைக் கவனிப்பார்கள்.

உட்காரும் இடத்தை நீங்களாகத் தேர்ந்தெடுக்காதீர்கள். வழக்கமாகக் கதவைப் பார்த்த இருக்கை விருந்து தருபவருக்கு, அவருக்கு வலப்புறம் முக்கிய விருந்தாளிக்கு. மீன் தலை உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் அது மரியாதை. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கக் கூடாது, செத்தவர்களுக்கு ஊதுவத்தி ஏற்றுவது போலிருக்கும் என்பார்கள். பழம் வந்தால் விருந்து முடிகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

பேச்சு? அங்கே மீட்டருக்கு எவ்வளவு என்று ஆரம்பிக்காதீர்கள், அது மறுநாள் கடையில். வயது, சம்பளம், பிள்ளை எத்தனை என்று அவர்கள் நேராகவே கேட்பார்கள், நம் ஊர்ப் பேருந்தில் கேட்பதைவிட அதிகமில்லை. ஆமிர் கான் பேரைச் சொன்னால் அறையே கலகலப்பாகும். எல்லைப் பிரச்சினை வேண்டவே வேண்டாம். இரண்டு பேருக்கும் மொழி தெரியாவிட்டாலும் வீசாட்டிலேயே மொழிபெயர்ப்பு இருக்கிறது. வாட்ஸாப்பும் கூகுளும் அங்கே ஓடாது, அதனால் வீசாட், பணம் கட்டும் செயலியான அலிபே இரண்டையும் இங்கேயே நிறுவி கார்டை இணைத்துக்கொண்டு போங்கள்.

பில்லை எடுக்க முயலாதீர்கள், அழைத்தவர்தான் கொடுப்பார். பதிலுக்கு நீங்கள் ஒருநாள் கூப்பிட வேண்டும். கச்சியாவில் நம் நாட்டு வியாபாரிகள் நிறைய இருப்பதால் இந்திய உணவகங்களுக்குப் பஞ்சமில்லை. தந்தூரியும் நான் ரொட்டியும் அவர்களுக்குப் பிடிக்கும். காரத்தை மட்டும் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிடுங்கள். ஜெஜியாங் நாக்கு லேசான இனிப்புக்குப் பழகியது, காரத்துக்குப் பேர்போன சிச்சுவான் மாகாணத்துக்காரர்கள் வந்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.