ஹோலி வரை கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்

தோட்டக் கேள்விகள் – தில்லிப் பக்கம்

கேள்வி: அக்கா, எங்களுக்குத் துவாரகாவில் தரைத்தள வீடு. ஐந்து வருட எலுமிச்சை மரம், ஆவணியில்கூடக் கூடை கூடையாகக் காய்த்தது. டிசம்பர் கடைசியிலிருந்து இலையெல்லாம் மஞ்சள். பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரே ராத்திரியில் நுனிக்கொழுந்து வெந்த கீரை மாதிரி தொங்கி, அப்புறம் கருகிவிட்டது. செய்தியில் அன்றைக்கு 4 டிகிரி என்றுதான் சொன்னார்கள். தோட்டக்கார மாலி, "மரம் போச்சு, அடியோடு வெட்டிவிடலாம்" என்கிறார். வெட்டட்டுமா?
– ஒரு வாசகி, துவாரகா

பதில்: வெட்டாதீர்கள். ஹோலி வரை கத்தரிக்கோலைக் கையிலேயே எடுக்க வேண்டாம்.

மஞ்சள் வேறு, கருகல் வேறு. சுமார் 13 டிகிரிக்குக் கீழே போனால் எலுமிச்சை வளர்வதை நிறுத்திவிடும். மண் சில்லென்று இருக்கும்போது, சத்து பக்கத்திலேயே கிடந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாது. அதனால்தான் மஞ்சள். இதைப் பார்த்துப் பதறி யூரியா போடாதீர்கள். மண் சூடேறினால் பச்சை தானே திரும்பும்.

கருகியது உறைபனியால். 4 டிகிரியில் எப்படி உறையும் என்று உங்களுக்குத் தோன்றுவது நியாயம்தான். வானிலைக்காரர்கள் தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில், நிழலான பெட்டிக்குள் வைத்து அளக்கிறார்கள். உங்கள் எலுமிச்சை இலையோ திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் அதன் சூடு மேலே போய்விடும், சுற்றியுள்ள காற்றைவிட இலை சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். கோஹ்ரா, அதாவது மூடுபனி, அடர்ந்த ராத்திரி நமக்குக் கஷ்டம், செடிக்கு அது ரஜாய்ப் போர்வை மாதிரி. நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் ராத்திரிக்குத்தான் பயப்பட வேண்டும்.

2021 ஜனவரி 1 அன்று தில்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவானது. முந்தின நாள் சாயங்காலம், மயூர் விஹாரில் என் மரத்துக்குப் பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கிச் சுற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பார்த்தால், பிளாஸ்டிக் ஒட்டிய இலையெல்லாம் கண்ணாடி போல விறைத்திருந்தது. மத்தியானத்துக்குள் கறுத்துவிட்டது. மேற்குப் பார்த்த செங்கல் சுவரை ஒட்டியிருந்த பாதி மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பகலில் வாங்கிய வெயிலை அந்தச் சுவர் இரவில் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

மார்ச் வரை பொறுத்தேன். பிறகு கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டினேன். நுனியில் பழுப்பு, காய்ந்த சருகு. ஒரு சாண் கீழே வந்ததும் தோலுக்கு அடியில் ஈரமான பச்சை. அந்த இடத்தில்தான் பத்து நாளில் துளிர் வந்தது. ஜனவரியில் வெட்டியிருந்தால் உயிருள்ள கிளையையும் சேர்த்து வெட்டியிருப்பேன். வெட்டிய இடத்தில் அவசரமாகத் துளிர்த்து, அடுத்த குளிரில் அதுவும் போயிருக்கும்.

இன்னும் குளிர் பாக்கி இருக்கிறது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அதனால் வானம் தெளிந்திருக்கும் நாளில் காலையிலேயே வேரைச் சுற்றித் தண்ணீர் விடுங்கள். ஈர மண் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் விடும். சருகு மூடாக்கு போட்டிருந்தால் விலக்கிவிடுங்கள், மண்ணுக்கு வெயில் பட வேண்டும். நாலு மூங்கில் நட்டு, பழைய வேட்டியை இலையில் படாமல் தரை வரை தொங்க விடுங்கள். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். ஒட்டுக்குக் கீழேயிருந்து கொழுகொழுவென்று முள்ளோடு ஒரு கிளை வந்தால், பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷப்படாதீர்கள். அது ஒட்டு கட்டிய அடிமரத்தின் கிளை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அதை நாலு வருடம் பாசமாக வளர்த்தார்கள், கடைசியில் காய்த்தது தோல் தடித்த ஜம்பேரி என்ற முரட்டு எலுமிச்சை.

கேள்வி: கும்பகோணத்திலிருந்து ரயிலில் நார்த்தங்கன்று கொண்டுவந்தேன். நொய்டாவில் மொட்டைமாடி. பிழைக்குமா? வேறு என்ன வைக்கலாம்?
– ஒரு வாசகர், நொய்டா

பதில்: கொண்டுவந்த ஆசை புரிகிறது. ஆனால் இந்தக் குடும்பத்திலேயே குளிருக்கு அதிகம் பயப்படுவது நார்த்தையும் எலுமிச்சையும்தான். தொட்டியில் வேர் இன்னும் சீக்கிரம் குளிரும். தொட்டியை வெறும் சிமெண்ட் தரையில் வைக்காமல் பலகை மேல் தூக்கி, தெற்குப் பார்த்த சுவரை ஒட்டி வையுங்கள். தொட்டியைச் சுற்றிக் கோணிச் சாக்கு. இரண்டு குளிர்காலம் காப்பாற்றிவிட்டால் தண்டு தடித்துத் தாங்கும். வீட்டுக்குள் எடுத்துப்போய் ஹீட்டர் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், இலை கொட்டிவிடும்.

ஊறுகாய்க்காகத்தான் நார்த்தை என்றால், இங்கே குளிர்காலத்தில் மண்டிக்கு வரும் கல்கல் என்ற எலுமிச்சை வாங்கிப் பாருங்கள். மஞ்சளாக, பெரிதாக, தடித்த தோலோடு இருக்கும். சுருள் சுருளாக நறுக்கி, உப்பு அடைத்து, வெயிலில் காயவைத்தேன். தயிர்சாதத்துக்கு நார்த்தங்காய் இல்லாத குறை பெரும்பாலும் தீர்ந்தது. வடக்கின் மலையடிவாரத்து மரம், குளிர் அதற்குப் பழக்கம்.

தரையில் வைக்க இடம் கிடைத்தால் கின்னோ. கலிபோர்னியாவில் 1915-இல் இரண்டு மாண்டரின் (கமலா ஆரஞ்சு) வகைகளைக் கலந்து உருவாக்கி, 1935-இல் வெளியிட்ட ரகம். உருவாக்கியவர் பெயர் ஹெச்.பி. ஃப்ராஸ்ட், உறைபனி என்றே பெயர்! அதே 1935 ஜனவரியில்தான் தில்லியில் மைனஸ் 0.6 டிகிரி பதிவாயிற்று. இன்று பஞ்சாபின் அபோஹர் பக்கம் காடு காடாகக் கின்னோதான், அங்கேயும் பனி விழுகிறது. தொட்டி போதுமென்றால் நர்சரியில் 'சைனா ஆரஞ்சு' என்று கேளுங்கள். புளிப்பு, ரசத்துக்கு நன்றாகவே இருக்கும்.

கேள்வி: மகள் நியூ ஜெர்சியில் வீட்டுக்குப் பின்னால் எலுமிச்சை நட ஆசைப்படுகிறாள். சரியா?
– ஒரு வாசகி, ஜனக்புரி

பதில்: தரையில் நட வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் எலுமிச்சை மைனஸ் 2-லேயே அடிபடும். சட்சுமா மாண்டரின், குளிருக்குப் பழகிய மரமாக இருந்தால், ஏறக்குறைய மைனஸ் 8 வரை தாக்குப்பிடிக்கும். அங்கே அதற்கும் கீழே போகும். குளிரில் இலையுதிர்த்து நிற்கும் மூவிலை ஆரஞ்சு ஒன்றுதான் தரையில் நிச்சயமாகப் பிழைக்கும், ஆனால் அதன் காய் வாயில் வைக்க முடியாத கசப்பு.

தொட்டியில் மேயர் லெமன் என்ற எலுமிச்சை ரகத்தை வைக்கட்டும். அக்டோபரில் முதல் உறைபனிக்கு முன்னால் உள்ளே, தெற்கு ஜன்னல் ஓரம். மே பாதிக்கு மேல் வெளியே, முதல் வாரம் நிழலில் வைத்துவிட்டுப் பிறகு வெயிலில். உள்ளே இருக்கும்போது மேல் மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகுதான் தண்ணீர். வீட்டுக்குள்ளே பூத்தால் தேனீ வராது, ஆனாலும் காய்க்கும். தூரிகையால் பூவைத் தடவிவிட்டால் இன்னும் நாலு காய் கூடுதலாகப் பிடிக்கும்.