பிரித்தானியா மீண்டும் ஒன்றியத்தில் சேரட்டும் என்று காத்திருக்கலாமா?

பரிசின் புறநகரிலிருந்து 2018இல் லண்டன் ஹரோவுக்குக் குடிபெயர்ந்த வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் பிரெஞ்சுக் கடவுச்சீட்டும் மனைவியிடம் நெதர்லாந்துக் கடவுச்சீட்டும் உள்ளன. பிரித்தானியாவில் வாழும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கான தற்காலிக வதிவிட உரிமையான பிரீ-செட்டில்ட் ஸ்டேட்டஸ் இருவருக்கும் 2019இல் கிடைத்தது. தந்தை நோயுற்றபோது, 2021இல் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்ப் பத்து மாதம் தங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். “அத்தோடு உங்கள் உரிமை முறிந்துவிட்டது, 1,500 பவுண் தந்தால் நான் சரிக்கட்டுகிறேன்” என்கிறார் அப்பகுதியில் உள்ள முகவர் ஒருவர். “பிரித்தானியா எப்படியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் திரும்பிவிடும், ஒன்றும் செய்யாமல் இருங்கள்” என்கிறார் நண்பர். யார் சொல்வதைக் கேட்பது என்பது அவருடைய கேள்வி.

இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

முதலில் நண்பரின் பேச்சை எடுத்துக்கொள்வோம். ஒன்றியத்தை விட்டு விலக ஒரு நாடு தனியே முடிவெடுத்தால் போதும். திரும்பிச் சேர்வதற்கோ 27 உறுப்பு நாடுகளும் ஒருமனதாக இணங்க வேண்டும். உங்கள் பிரான்சின் அரசியலமைப்பே, புதிய நாடொன்றைச் சேர்ப்பதற்குப் பொது வாக்கெடுப்பையோ நாடாளுமன்றத்தில் ஐந்தில் மூன்று பங்குப் பெரும்பான்மையையோ கோருகிறது. லண்டனிலும் அதற்கான அவசரம் தெரியவில்லை. 2024 தேர்தலில் வென்ற தொழிற்கட்சி, ஒற்றைச் சந்தைக்கும் சுங்க ஒன்றியத்துக்கும் தடையற்ற நடமாட்டத்துக்கும் திரும்புவதில்லை என்று தன் தேர்தல் அறிக்கையிலேயே எழுதிவைத்தது. விலகியது சரியா, திரும்பச் சேர வேண்டுமா என்பது பேசப்பட வேண்டிய விவாதம்தான். ஆனால் அது முடியும்வரை உங்கள் குடும்பத்தின் பத்திரங்களைக் கிடப்பில் போட்டுவைக்க முடியாது. பிரித்தானியா என்றாவது திரும்பிச் சேர்ந்தாலும், அதற்குள் நீங்கள் செட்டில்ட் ஸ்டேட்டஸ் என்ற நிரந்தர வதிவிட உரிமையைப் பெற்றிருப்பதால் எந்த நட்டமும் வராது.

அடுத்து, உங்கள் உரிமை முறிந்துவிட்டதா என்ற கேள்வி. முறியவில்லை. பிரீ-செட்டில்ட் ஸ்டேட்டஸ் ஐந்து ஆண்டில் தானாகக் காலாவதியாகும், அதற்குள் இரண்டாம் விண்ணப்பம் போடாதவர் எல்லாவற்றையும் இழப்பார் என்றே உள்துறை அமைச்சு முதலில் விதித்திருந்தது. அது பிரித்தானியாவும் ஒன்றியமும் செய்துகொண்ட விலகல் ஒப்பந்தத்துக்கு முரணானது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு காலக்கெடுக்கள் தாமாக நீட்டிக்கப்பட்டன. பத்து மாதம் வெளியே இருந்ததும் இப்போது பெரிய தடையல்ல. எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பதே பழைய விதி. 2025 ஜூலையிலிருந்து, பிரீ-செட்டில்ட் ஸ்டேட்டஸ் உள்ளவர் கடைசி 60 மாதங்களில் மொத்தம் 30 மாதமாவது பிரித்தானியாவில் இருந்திருந்தால் போதும். நீங்கள் அந்தக் கணக்கைத் தாராளமாகக் கடந்துவிட்டீர்கள்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். கைத்தொலைபேசியில் அரசின் செயலியைத் திறந்து, கடவுச்சீட்டைப் படம் பிடித்து, தேசிய காப்புறுதி எண்ணைக் கொடுத்தால், வரித் திணைக்களத்தின் பதிவுகளை வைத்து அமைச்சே உங்கள் வசிப்பைச் சரிபார்க்கும். 2025 ஜனவரியிலிருந்து தகுதியுள்ளவர்களுக்கு விண்ணப்பமின்றியே செட்டில்ட் ஸ்டேட்டஸ் வழங்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருக்கும் உங்கள் மனைவி போன்றவர்கள் வரிப் பதிவில் இருக்கமாட்டார்கள். ஆகவே அவர் காத்திராமல் உள்ளூராட்சி வரிக் கடிதம், மருத்துவரின் கடிதம், பிள்ளையின் பள்ளிக் கடிதம் ஆகியவற்றோடு விண்ணப்பிக்கட்டும்.

1,500 பவுணைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இந்த முகவர்களிடம் இருக்கிறது. உங்களுக்காக விண்ணப்பக் கணக்கைத் திறக்கும்போது முகவர் பலர் தங்கள் மின்னஞ்சலையும் தங்கள் தொலைபேசி எண்ணையும் பதிந்துவிடுகிறார்கள். உங்கள் உரிமைக்குக் காகிதமோ அட்டையோ கிடையாது. எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். வேலைக்குச் சேரும் நாளில் முதலாளி, உங்கள் உரிமையை இணையத்தில் சரிபார்க்க உதவும் ஷேர் கோட் என்ற குறியீட்டைக் கேட்பார். நீங்கள் உள்நுழைய முயன்றால் ஆறிலக்க எண் முகவரின் தொலைபேசிக்குப் போகும். அவர் அதைச் சொல்வதற்கு மறுபடி காசு கேட்பார். அல்லது கடையைப் பூட்டிவிட்டுப் போயிருப்பார். 2019இல் உங்களுக்கு யார் விண்ணப்பித்துக் கொடுத்தார் என்று நினைத்துப் பாருங்கள். இன்றே உள்நுழைந்து தொடர்பு விவரங்களை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் அரசின் இணையத்தளத்தில் கணக்கை மீட்கும் வழி உண்டு. பதிவு பெறாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பது இந்நாட்டில் குற்றம். கடையில் பெயர்ப்பலகை இருப்பது பதிவு ஆகாது.

இந்த முகவர்களுக்கு வயல் உழுது கொடுத்ததே அரசின் முறைதான். 2016 ஜூன் 1 அன்று, ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்ற வாக்கெடுப்புக்கு மூன்று வாரம் முன்பு, போரிஸ் ஜோன்சன், மைக்கேல் கோவ், பிரீத்தி பட்டேல் உள்ளிட்ட விலகல் தரப்பினர், ஏற்கெனவே இங்கு வாழும் ஐரோப்பியர்களுக்கு நிரந்தர வதிவிட உரிமை தானாகவே கிடைக்கும் என்று கூட்டாக எழுதிக் கையொப்பமிட்டார்கள். பிறகு வந்தது விண்ணப்பம், காலக்கெடு, இரண்டாம் விண்ணப்பம். அந்த வாக்கெடுப்பில் இலங்கைக் கடவுச்சீட்டோடு ஹரோவில் வசித்த ஒருவர், பொதுநலவாயக் குடிமகன் என்பதால் வாக்களிக்க முடிந்தது. அதே தெருவில் பிரெஞ்சுக் கடவுச்சீட்டோடு வசித்தவருக்கு, முடிவு அவர் தலையில்தான் விழும் என்று தெரிந்தும், வாக்கு இருக்கவில்லை. பத்து ஆண்டு கடந்தும் அதே மக்கள் நீதிமன்றத் தீர்ப்புகளைப் பார்த்துத் தங்கள் உரிமையைத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பதை எந்த நியாயத்தாலும் ஏற்க முடியவில்லை.

இறுதியாக, இருவருக்கும் ஒரே நாளில் பிரித்தானியக் குடியுரிமை எடுத்துத் தருவதாக முகவர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். செட்டில்ட் ஸ்டேட்டஸ் கிடைத்துப் பன்னிரண்டு மாதம் கழித்து நீங்கள் விண்ணப்பிக்கலாம். பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையைத் தடுப்பதில்லை. நெதர்லாந்து அப்படியல்ல. அந்நாட்டுக் குடிமகன் ஒருவர் தானாக விரும்பி வேறொரு குடியுரிமையைப் பெற்றால், பெற்ற அந்த நாளிலேயே நெதர்லாந்துக் குடியுரிமை இல்லாமற் போய்விடும். எந்த அலுவலகமும் கடிதம் போட்டு எச்சரிக்காது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: எந்த நாட்டுக் குடியுரிமையைப் பெறுகிறாரோ, அந்த நாட்டின் குடிமகனை அவர் ஏற்கெனவே மணந்திருந்தால் இழப்பில்லை. அதாவது நீங்கள் பிரெஞ்சுக்காரராக மட்டும் இருக்கும் நாளில் உங்கள் மனைவி பிரித்தானியரானால், நெதர்லாந்துக் குடியுரிமையை இழப்பார். நீங்கள் முதலில் பிரித்தானியராகி, அதன் பிறகு அவர் ஆனால் இழக்கமாட்டார். ஒரே நாளில் இருவரும் உறுதிமொழி எடுத்தால் எது முன், எது பின் என்று நிறுவ நேரிடும். அந்தச் சிக்கலை விலைகொடுத்து வாங்காதீர்கள். உங்கள் உறுதிமொழி முடிந்து சான்றிதழ் கைக்கு வந்த பின்னரே அவருடைய விண்ணப்பம் போகட்டும். அப்போது பிரித்தானியரின் மனைவி என்ற முறையில், செட்டில்ட் ஸ்டேட்டஸ் இருந்தால் பன்னிரண்டு மாதக் காத்திருப்பும் அவருக்குத் தேவைப்படாது. அதற்கு முன், லண்டனிலுள்ள நெதர்லாந்துத் தூதரகத்துக்கு உங்கள் திருமணச் சான்றிதழோடு எழுதி, இந்த விலக்கு அவருக்குப் பொருந்தும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.