ஸ்பிட்ஃபயரின் கண்ணாடி மூடி வெளுத்துப் போனதற்கு

வணக்கம். ஹட்டனில் மழைக்காலத்தில் 1/72 அளவில் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி கட்டுகிறீர்கள், சுப்பர் குளூ போட்டதில் விமானி அறையின் கண்ணாடி மூடி பால் படிந்தது போல வெளுத்துவிட்டது, இறக்கையும் லேசாகத் தட்டினாலே கழன்று விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

உங்கள் கைப்பிழை இல்லை. சுப்பர் குளூ ஈரத்தால்தான் இறுகும். அப்போது கிளம்பும் ஆவிதான் கண்ணாடியில் வெள்ளையாகப் படிகிறது. நம் மலைப்பக்கத்து ஈரக்காற்றில் அது இன்னும் மோசம்.

இறக்கைக்கு பிளாஸ்டிக் சிமெந்து வாங்குங்கள். அது மாதிரியின் பிளாஸ்டிக்கான பொலிஸ்டைரீனையே கரைத்து இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும். நான் பாவிப்பது டமியாவின் எக்ஸ்ட்ரா தின், பச்சை மூடிப் போத்தல். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, இறக்கையைப் பொருத்திப் பிடித்தபடி தூரிகை நுனியால் இடுக்கைத் தொடுங்கள். திரவம் தானாகவே இடுக்கு நெடுக ஓடும், பார்க்கவே அழகு. விரல் மட்டும் இடுக்கின் மேல் இருக்கக்கூடாது, ரேகை அப்படியே பதிந்துவிடும். ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். குளிராக இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த ஆவி நல்லதல்ல.

கண்ணாடி மூடிக்கு சிமெந்தும் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைப் பசையே போதும், காய்ந்தால் தெளிவாகிவிடும். வெளுப்பு வெளிப்பக்கம் என்றால் மெல்லிய துணியில் கொஞ்சம் பற்பசை தொட்டு மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். உள்பக்கம் என்றால் மூடியைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.

அப்புறம், சுப்பர் குளூவை எறிந்துவிடாதீர்கள். உலோகத் துண்டுகளுக்கு அதுதான் வேண்டும்.