பீர் ஆலைக்குள் வீடு

கேள்வி: நூற்றாண்டு கண்ட பீர் ஆலைகளை அடுக்குமாடிக் குடியிருப்புகளாக மாற்றுகிறார்களாமே, அது சாத்தியமா?

பதில்: சாத்தியம்தான், ஆனால் வளாகத்தின் எல்லாக் கட்டடங்களும் அதற்கு இணங்குவதில்லை. அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1996-இல் மூடப்பட்ட பாப்ஸ்ட் ஆலையில், பீப்பாய்களுக்கான கட்டடம் 2009-இல் வாடகைக் குடியிருப்பாயிற்று. பெரிய செப்புக் கொப்பரைகள் நிற்கும், பீர் காய்ச்சும் கூடமோ பின்னர் தங்கும் விடுதியாயிற்று. மிகக் கடினமானவை, குளிர்ச்சிக்காகவே சன்னலின்றித் தடித்த சுவர்களுடன் கட்டப்பட்ட பழைய நொதிப்பு அறைகள். வெளிச்சத்துக்காகச் சுவரை உடைத்தால் மரபுக் கட்டட விதிகள் குறுக்கிடும், உடைக்காவிட்டால் வசிக்க முடியாது என்பதால், அவற்றை வாகன நிறுத்தத்துக்கு விட்டுவிடுவதே விவேகம் என்பேன். அந்நாட்டில் வரலாற்றுக் கட்டடப் புதுப்பிப்புக்கான 20 சதவீத வரிச்சலுகை வருமானம் ஈட்டும் கட்டடங்களுக்கே உரியது. இத்தகைய வீடுகள் பல விற்பனைக்கன்றி வாடகைக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.