எண்ணெய் படிந்த கடற்பறவையைக் குளிப்பாட்டலாமா?

இப்போதைக்கு வேண்டாம். கரையொதுங்கிய கடற்காகத்தின் மேல் கப்பல் எண்ணெய் அப்பியிருக்கிறது, ஷாம்பு போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். துவண்டுபோன பறவையைக் கழுவினால் அந்த அதிர்ச்சியிலேயே செத்துவிடலாம்.

அது நடுங்குவது பெரும்பாலும் குளிரால்தான். இறகின் நுண்ணிழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு நீர் புகாமல் காக்கும். எண்ணெய் பட்டதும் பின்னல் குலைந்து தண்ணீர் தோல்வரை இறங்கிவிடும். இன்னொன்று, அலகால் கோதிக் கோதி எண்ணெயை விழுங்கும். அது குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

1. கையுறை போட்டு, துண்டால் தளர்வாகப் போர்த்தித் தூக்குங்கள். அலகு முகத்தருகே வரவேண்டாம்.
2. துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, கதகதப்பாக வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.
3. உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சற்று நேரம் கழித்துப் பாருங்கள்: தலையை நிமிர்த்துகிறதா? நடுக்கம் நின்று தலை தொங்கினால் நிலைமை மோசம், அவசரப்படுத்துங்கள்.

வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும் பறக்கவிடாதீர்கள். விழுங்கிய எண்ணெய் உள்ளே இருக்கலாம். அப்புறம், ஆமைகளையும் கவனியுங்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது பங்குனி ஆமைகள் முட்டையிடும் பருவத்தில்தான். எண்ணெய் பட்ட ஆமையைத் திரும்பக் கடலில் தள்ளிவிடாதீர்கள்.